பட்டாளத்தாருக்குப் போட்ட இலை

நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் போட்டதும் எழும் வாசனையும், புதிதாக மெழுகிய சாணத்தின் பச்சை வாசனையும், பெரியப்பா பற்ற வைத்து மூங்கில் தூணில் சொருகிவிட்டு வரும் சுருட்டின் புகையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், அன்றைக்கு ஆடி அமாவாசை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அமாவாசையும் அதுவுமாகக் கருவாடா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எங்கள் வீட்டில் அன்றைக்கு இரண்டு படையல். கூடத்தில் வாழையிலை போட்டு வடை, பாயசத்தோடு மற்ற முன்னோர்களுக்கு ஒன்று. வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டாயில், ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் இன்னொன்று. அந்த ஆளை நாங்கள் ‘பட்டாளத்தார்’ என்று சொல்வோம். பேர் என்னவென்று எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, இன்றைக்குக் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்போது ஏரியும் கழனியும்தான். பட்டாளத்தார் என் அப்பாவுக்குக் கொள்ளுத்தாத்தா முறை. ஏர் பிடித்த மனிதர். ஏரி வறண்டு, விதைநெல்லையும் குத்தித் தின்றுவிட்ட ஒரு பஞ்ச காலத்தில், பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுச் சென்னைக்கு நடந்தே போய் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தாராம். கப்பலேற்றி பர்மாவுக்குக் கொண்டுபோனார்களாம். காட்டுக்குள் சண்டை போட்டு, தொடையில் குண்டு வாங்கி, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டு ஊர் திரும்பினாராம். திரும்பியவர் மறுபடியும் ஏரைப் பிடித்து, ஏரிக்குக் கிழக்கே முள்ளும் புதருமாகக் கிடந்த மேட்டைத் திருத்திக் கழனியாக்கினார். அதற்கு எங்கள் காலம் வரைக்கும் ‘பட்டாளத்தார் கழனி’ என்றுதான் பேர். நாங்கள் தின்ற சோற்றில் பாதி அங்கே விளைந்ததுதான்.

இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் விட்ட பீற்றல் கொஞ்சமா நஞ்சமா! கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் காபி கொடுக்கும் முன்னாலேயே பெரியப்பா பர்மாவை ஆரம்பித்துவிடுவார். சொல்லும்போது அவருடைய இடது காலும் தானாகக் கொஞ்சம் சாயும். குண்டு பட்டது வலது தொடையிலா இடது தொடையிலா என்று அவருக்கும் என் அப்பாவுக்கும் ஒரு பெரிய சண்டையே நடந்து, இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்ததும் உண்டு.

படையலுக்கு வருகிறேன். கொட்டாயை முந்தின நாளே கழுவி மெழுகிவிடுவார்கள். கல்லோ சிலையோ எதுவும் கிடையாது. மூலையில் ஒரு மூங்கில் தூண், அதன் கீழே ஆலிலை தைத்த ‘தெச்ச எலை’. வாழையிலை போடக் கூடாது. கருவாட்டுக் குழம்பு, கேழ்வரகுக் களி, ஒரு குவளைச் சாராயம், அப்புறம் ஒரு பன் ரொட்டி. பட்டாளத்தில் ரொட்டி தின்று பழகிய நாக்கு என்பதால், கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து பெரியப்பாவே சைக்கிளில் போய் வாங்கி வருவார். சர்க்கரை தூவிய பன். எங்கள் கண்ணெல்லாம் அதன்மேல்தான். ஆனால் பெரியப்பா இலை போட்டுச் சுருட்டைச் சொருகிவிட்டு வந்துவிட்டால், அப்புறம் இலைக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. வீட்டுப் பின்வாசலுக்கும் கொட்டாய்க்கும் நடுவே தண்ணீர் போகிற ஒரு சின்னக் கால்வாய். அதற்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, காம்பு நீண்ட ஒரு ஆப்பையை நீட்டி, எட்ட இருந்தே என் அம்மா பரிமாறுவாள். தண்ணீரைச் செம்போடு வைக்க மாட்டார்கள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, யாரோ கையைக் குவித்து ஏந்தியிருப்பதுபோல மேலேயிருந்து ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட வேண்டும்.

“கிட்டப் போனா ரத்தம் கக்கிப்புடுவீங்க. உக்கிரமானவரு. சண்டையில எத்தினி பேரை வெட்டிக்கினு வந்தவரு!” என்பார் பெரியப்பா. நாங்கள் பின்வாசலில் வரிசையாக நின்று விறைப்பாகச் சல்யூட் அடிப்போம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். இவ்வளவு பயங்கரமான சாமி வேறு எந்த வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்!

கொட்டாயை மெழுகுவது மாசிலாமணியின் பெண்டாட்டி. மாசிலாமணி எங்கள் கழனியில் வேலை செய்தவர். ஏரிக்கு அந்தப்பக்கம் காலனியில் வீடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும் குடும்பம். என் அப்பாவுக்குச் சமவயது. அவரை நாங்கள் எப்படிக் கூப்பிட்டோம் என்று எழுதவே கை கூசுகிறது. பால் பல் விழாத என் தம்பிகூட “ஏ மாசிலாமணி, இங்க வாடா” என்பான், அவரும் “தோ வந்துட்டேன் சின்னய்யா” என்று ஓடி வருவார், பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருடைய மகள் ஸ்டெல்லா என் வகுப்பு. கணக்கில் புலி. அப்பாவை ‘நைனா’ என்பாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். அவளுடைய புளியங்காயை நானும் என்னுடைய முறுக்கை அவளும் தின்போம். பள்ளிக்கூடத்து வாசலோடு அது முடிந்துவிடும்; அதைப் பற்றி நாங்கள் பேசியதுகூடக் கிடையாது.

நாங்கள் ஏழாவது படித்த வருஷம், சுதந்திர தின விழாவுக்கு ‘எங்கள் குடும்பத்து வீரர்’ என்று யாராவது பேச வேண்டும் என்றார் டீச்சர். என்னை விட்டால் வேறு யார்? வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவரைச் சுதந்திர தினத்தில் புகழலாமா என்று டீச்சருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வகுப்பில் ஒத்திகை. பர்மாக் காடு, குண்டு, கப்பல் எல்லாவற்றையும் வெளுத்து வாங்கிவிட்டுக் கடைசியில் படையலுக்கு வந்தேன். அவர் இன்றைக்கும் எங்கள் வீட்டில் தெய்வமாக இருக்கிறார், வீட்டுக்குள் வைத்தால் வீடே தாங்காது, அதனால் கொட்டாயில் வைத்து, தைத்த இலையில் எட்ட நின்று பரிமாறுகிறோம், தண்ணீரை மேலேயிருந்து ஊற்றுகிறோம் என்று கையை உயர்த்தி ஊற்றியும் காட்டினேன். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். அவள் குரலில் சண்டை இல்லை, கேலியும் இல்லை, முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“டீச்சர், எங்க நைனாவுக்கும் அவங்க ஊட்டாண்ட அப்டித்தான் டீச்சர் போடுவாங்க. அதே கொட்டாய்தான். தெச்ச எலைலதான். தண்ணிகூட மேலேர்ந்துதான் ஊத்துவாங்க, நைனா கைய இப்டி வச்சி குடிப்பாரு. அப்டின்னா எங்க நைனாவும் சாமியா டீச்சர்?”

யாரும் சிரிக்கவில்லை. காலனியிலிருந்து வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் சாக்பீஸை உருட்டிக்கொண்டே, “சரி சரி, உக்காரு ஸ்டெல்லா” என்றார். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே விளங்கியது போலிருக்கிறது. முகம் மெல்லச் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு நேராக அத்தையிடம் போனேன். அப்பாவுக்கு மூத்தவள், புருஷனை இழந்து எங்களோடே இருந்தவள், யார் முகத்துக்கும் அஞ்சாதவள். அமாவாசைக்காக நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா கேட்டதைச் சொன்னேன். அத்தை கையை நிறுத்தவே இல்லை.

“அந்தப் பொண்ணு இன்னா தப்பா கேட்டுட்டா? சாமியாம் சாமி! உங்க பெரியப்பன் கட்டிவுட்ட கதை. கப்பல்ல எல்லா சாதியும் ஒரே அண்டாவுல ஆக்கித் துன்னுகினு வந்தவரை ஊட்டுக்குள்ள வுட மாட்டேன்னுட்டாங்கடி. சாவற வரைக்கும் அந்தக் கொட்டாய்தான். எங்க தாத்தா அவரு பெத்த புள்ளதானே, சின்ன வயசுல நின்னு பாத்தாராம். கட்டின பொண்டாட்டியே எட்ட நின்னுதான் ஊத்துவாளாம்.”

அப்புறம் ஒரு தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “செத்தப்புறமும் அதே மாதிரி ஊத்திக்கினு கீறோம், வெக்கங்கெட்ட ஜென்மங்க” என்றாள்.

இவ்வளவுதான் எங்கள் வீட்டு வீர வரலாறு. அவர் திருத்திய கழனி வேண்டும், விளைந்த நெல் உள்ளே வர வேண்டும், அவர் மட்டும் வரக் கூடாது. காலைச் சாய்த்துச் சாய்த்து ஏரோட்டிவிட்டு வந்து, தன் பெண்டாட்டியும் பிள்ளையும் விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும் வீட்டைக் கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே களி தின்றிருக்கிறார். செத்த பிறகு பயம் வந்திருக்கும், படையல் போட்டார்கள். அதையாவது உள்ளே கூப்பிட்டுப் போட்டார்களா என்றால், உயிரோடிருந்தபோது எப்படிப் போட்டார்களோ அப்படியே போட்டார்கள். நாங்கள் அதற்குச் சல்யூட் அடித்தோம். அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் இருக்கிறதே, இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூனிப் போகிறது.

வகுப்பில் நடந்தது ஊருக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்! மறுநாள் காலையில் மாசிலாமணி பின்வாசலில் வந்து நின்றார். துண்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாதி குனிந்தபடி.

“பொண்ணு தெரியாத்தனமா இன்னாவோ பேசிடுச்சிங்கய்யா. சின்னப் புள்ள. மனசுல வச்சிக்காதீங்க. நாலு போடு போட்டேன்.”

அவருடைய பெண் ஒரு கேள்வி கேட்டதற்கு, அதுவும் எங்கள் வீட்டைப் பற்றிய உண்மையைக் கேட்டதற்கு, அவர் எங்கள் வாசலில் வந்து மன்னிப்புக் கேட்டார். வெட்கப்பட வேண்டிய நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா, “வாயக் கொறைக்கச் சொல்லு. படிக்கிற புள்ளைக்கி இம்மாம் பேச்சு ஆவாது” என்று பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டார்! அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாசிலாமணி போன பிறகு நான் அழ ஆரம்பித்தேன். பட்டாளத்தாரை வீட்டுக்குள் கூப்பிட வேண்டும், மற்றவர்களோடு கூடத்தில் வாழையிலை போட வேண்டும், இல்லாவிட்டால் நான் பேசவும் மாட்டேன், பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டேன் என்று தரையில் உருண்டு புரண்டு அழுதேன். ஸ்டெல்லாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் என் கவலை. அவரை உள்ளே கொண்டுவந்துவிட்டால் அவளிடம் போய்ச் சொல்லலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

“கொயந்த சொல்றது சரிதான். உள்ளயே போட்டுடலாம். கொட்டாயிலயே போட்டுகினு இருந்தா நாளைக்கி ஊருல இன்னா பேசுவான்? நம்ம பாட்டனும் மாசிலாமணியும் ஒண்ணுன்னு ஆயிடும்ல?”

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் காதில் ஏறவே இல்லை. உள்ளே போடலாம் என்றது மட்டும்தான் கேட்டது. குதித்தேன். அத்தை மட்டும் பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த அமாவாசை அமர்க்களப்பட்டது. கூடத்தில் நடுநாயகமாக நுனி வாழையிலை. பெரியப்பா பின்வாசலில் நின்று கைகூப்பி, “தாத்தா, உள்ள வாங்க” என்று கூப்பிட்டார். சொல்லும்போது குரல் நிஜமாகவே உடைந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். அம்மா இலைக்கு அருகில் உட்கார்ந்து கையாலேயே பரிமாறினாள். வடை, பாயசம், அப்பளம். பாவம், வீட்டுக்குள் வந்ததில் மனிதருக்குக் கருவாடும் போயிற்று, சுருட்டும் சாராயமும் போயிற்று. என் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூறு வருஷத்துப் பாவத்தை ஒரே மத்தியானத்தில் கழுவிவிட்டோம் என்று வீடே பூரித்துப் போயிருந்தது. நானும்தான். என்னால்தான் இது நடந்தது என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

அப்போது பின்பக்கம் பெரியப்பாவின் குரல் கேட்டது. “மாசிலாமணி, கொட்டாயில மொழுகின எடம் சும்மாதானே கீது, அங்கியே உக்காரு. எலகூட தெச்சி வச்சது கீது பாரு.”

பழக்கத்தில் முந்தின நாளே எல்லாம் தயார் செய்திருந்தார்கள். மாசிலாமணி போய் அந்தத் தூணின் கீழே, பட்டாளத்தாருக்குத் தைத்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா, சற்று முன்பு கூடத்தில் கையால் பரிமாறிய என் அம்மா, கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்று ஆப்பையை நீட்டினாள். மெழுகிய தன் அம்மாவோடு வந்திருந்த ஸ்டெல்லா வைக்கோல்போர் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“நைனா, ஊட்டுக்குப் போலாம் வா.”

“உக்காரு கண்ணு. கருவாடு நல்லா கீது.”

“எனக்கு வேணாம். நீயும் வா நைனா.”

அவர் குனிந்தபடியே சாப்பிட்டார். அவள் பின்வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பட்டாளத்தார் கழனியின் வரப்பில் இறங்கித் தனியாக நடந்து போனாள். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். சுதந்திர தினத்தன்று நான் பேசினேன், கைதட்டினார்கள், பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

இப்போது அந்த வீடு இல்லை. கொட்டாய் இருந்த இடத்தில் இரும்புக் கம்பி செய்கிற ஒரு கம்பெனியின் எடைமேடை இருக்கிறது. லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பட்டாளத்தார் கழனியில் சாம்பல் கொட்டிக் கிடக்கிறது. பெரியப்பா போனதும் படையலும் போய்விட்டது. அண்ணன்மார்கள் ஆளுக்கொரு ஃப்ளாட்டில் இருக்கிறார்கள், பட்டாளத்தார் எங்கே சாப்பிடுகிறாரோ தெரியவில்லை. நான் மீஞ்சூரில் குடியிருக்கிறேன். போன மாதம் மின்சார ரயிலில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், பையன் என்ஜினியர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறந்துவிட்டாளா, மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. “ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாயேன், மீன் ஆக்கறேன்” என்றாள். போனேன்.

டைல்ஸ் போட்ட நல்ல வீடு. சுவரில் மகனின் பட்டமளிப்புப் போட்டோ. மாசிலாமணி எண்பதைத் தாண்டிவிட்டார், கண் மங்கியிருந்தாலும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “சின்னம்மாவா! வாங்க, வாங்க” என்று கையைக் கூப்பினார். நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன், பதறிப்போய்ப் பின்வாங்கினார். சாப்பாட்டு மேஜையில் ஸ்டெல்லா மூன்று தட்டு வைத்தாள். நான் உட்கார்ந்ததும் அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நைனா, இன்னா இது? உள்ள வா. இது உன் ஊடு.”

“இருக்கட்டும்மா. எனக்கு இங்கதான் காத்து வருது. நீங்க சாப்டுங்க சின்னம்மா.”

ஸ்டெல்லா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். என்னால் ஒரு வாய் வைக்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நானும் வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தாமதம், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். தட்டு கையில் ஆடியது, குழம்பு வழிந்தது. “உக்காருங்கய்யா, உங்கள கெஞ்சிக் கேட்டுக்கறேன்” என்றேன். தலையை ஆட்டினாரே தவிர உட்காரவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவரை நிற்கச் சொன்னவர்கள் ஒருவரும் இன்றைக்கு உயிரோடு இல்லை. அவர் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டுமென்றால் நான்தான் உள்ளே போக வேண்டும். எழுந்து உள்ளே போனேன். வெளியே அவர் மெல்ல உட்காரும் சத்தம் கேட்டது.